கேட்காமல் எடுத்த காசு

வரியைக் குறைப்போம், சம்பளத்தைக் கூட்டுவோம், மானியமும் கொடுப்போம், அதற்காகக் கடன் வாங்கவும் மாட்டோம் என்று ஒருவர் மேடையில் நின்று சொன்னால், கைதட்டுவதற்கு முன் பயப்படுங்கள். அந்தக் கணக்கை யார் கடைசியில் கட்டுகிறார்கள் என்பதை இலங்கையில் வாழும் நாம் 2022இல் கண்ணால் பார்த்தோம். பெற்றோல் வரிசையில் இரவு முழுக்கக் கிடந்தோம். வெற்று எரிவாயு சிலிண்டர்களைத் தெருவோரம் அடுக்கி, ஒன்றோடொன்று சங்கிலியால் பிணைத்துவிட்டுக் காத்திருந்தோம். அந்த வரிசைகள் பின்னர் மறைந்தன. அதனாலேயே மறதி தொடங்கிவிட்டது. பழைய வாக்குறுதிகள் புதிய வாய்களிலிருந்து மெல்ல வருகின்றன. அவை முழுக் குரல் எடுக்கும் முன் சொல்ல வேண்டியதைச் சொல்லியாக வேண்டும் என்ற அவசரத்தில்தான் இதை எழுதுகிறேன்.

“காசு அச்சடித்தார்கள்” என்று சந்தையில் பேசிக்கொள்கிறோம். அச்சு யந்திரம் இந்தக் கதையில் சின்னப் பாத்திரம். நெருக்கடிக்கு முந்திய ஆண்டுகளில் அரசாங்கத்துக்குச் செலவு இருந்தது, வருமானம் போதவில்லை. அதனால் திறைசேரி உண்டியல்களை ஏலத்துக்கு விட்டது. மத்திய வங்கி அந்த ஏலத்தில் வட்டிக்கு மேல்வரம்பு போட்டிருந்தது. அந்த வட்டிக்குக் கடன் கொடுக்க வங்கிகளும் நிதி நிறுவனங்களும் முன்வரவில்லை. மீந்துபோன உண்டியல்களை மத்திய வங்கியே வாங்கிக்கொண்டது. வாங்குவதற்கு அதற்குச் சேமிப்பு எதுவும் தேவையில்லை; அரசாங்கத்தின் கணக்கில் ஒரு தொகையைப் பதிந்தால் அந்தக் கணமே அது செல்லுபடியாகும் ரூபா. நீங்களோ நானோ ஒரு திறைசேரி உண்டியலை வாங்கினால் எங்கள் கைக்காசு அரசாங்கத்தின் கைக்குப் போகிறது. நாங்கள் அந்த அளவுக்குச் செலவைச் சுருக்குகிறோம். மத்திய வங்கி வாங்கும்போது யாரும் எதையும் சுருக்குவதில்லை. நாட்டில் உள்ள அரிசியும் மீனும் மாவும் அதே அளவு, அவற்றை வாங்க வரும் ரூபா மட்டும் கூட.

2019 இறுதியில் இலங்கை மத்திய வங்கியின் கையில் இருந்த அரச பிணையங்களின் பெறுமதி நூறு பில்லியன் ரூபாவையும் எட்டவில்லை. 2022 இறுதியில் அது 2,500 பில்லியனைத் தாண்டியிருந்தது. இடையில் கழிந்தவை மூன்றே ஆண்டுகள்.

கொத்தால் அரிசி அளந்து விற்ற காலத்தில், கொத்தின் அடியை உள்ளே தட்டி வைத்திருந்த கடைக்காரரை ஊர் மன்னிக்காது. விலை அதே விலை, கொத்தும் பார்வைக்கு அதே கொத்து. வீட்டுக்குப் போய்ப் பானையில் போடும்போதுதான் குறை தெரியும். ரூபாவும் ஓர் அளவைதான். கூலியை, சீதனத்தை, முதுமைக்கான சேமிப்பை, பிள்ளையின் படிப்புச் செலவை எல்லாம் நாம் அதால்தான் அளக்கிறோம். அந்த அளவையைக் காக்கும் பொறுப்பை 1950இல் மத்திய வங்கி என்ற நிறுவனத்திடம் ஒப்படைத்தோம். காவலில் இருப்பவரே அடியைத் தட்டினால் அதைக் கொள்கை முடிவு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. நாடாளுமன்றத்தில் வரி என்று கேட்டிருந்தால் நாம் மறுத்திருக்கலாம், எதிர்த்து வாக்களித்திருக்கலாம், குறைந்தபட்சம் கோபப்பட்டிருக்கலாம். கேட்காமல் எடுத்ததால் எதுவும் முடியவில்லை.

அமெரிக்கா செய்கிறதே, பிரித்தானியா செய்கிறதே என்று அன்று வாதிட்டார்கள். சொந்த நாணயத்தில் கடன்பட்ட அரசாங்கத்துக்கு முறிவு கிடையாது என்ற கோட்பாடும் உயர்ந்த இடங்களிலிருந்தே கேட்டது. இந்த வாதத்துக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் பாதி உண்மை இருக்கிறது. மத்திய வங்கி புதிய பணத்தை உண்டாக்கி அரச கடன் பத்திரங்களைப் பெருமளவில் வாங்கும் முறைக்கு அளவுசார் தளர்த்தல் என்று பெயர். ஜப்பான் 2001இல் அதைத் தொடங்கியது. 2008 நெருக்கடிக்கு முன் ஒரு டிரில்லியன் டொலருக்குள் இருந்த அமெரிக்க பெடரல் ரிசர்வின் சொத்துகள் 2022இல் ஒன்பது டிரில்லியனை நெருங்கின. இங்கிலாந்து வங்கி 2009 மார்ச்சில் தொடங்கி 895 பில்லியன் பவுண் வரை போனது. 2009க்குப் பிந்திய பத்து ஆண்டுகளில் அங்கே விலைவாசி பெரிதாக ஏறவும் இல்லை. அடிபட்டுக் கிடந்த வங்கிகள் புதிய பணத்தைக் கடனாக வெளியே விடாமல் மத்திய வங்கியிலேயே இருப்பாக வைத்திருந்ததும், வேலையிழந்த மக்கள் செலவழிக்கும் நிலையில் இல்லாததும் அதற்குக் காரணம்.

அங்கேயும் அது இலவசமாகக் கிடைக்கவில்லை. பத்திரங்களின் விலை ஏறியபோது பங்குகளின் விலையும் ஏறியது. ஏற்கெனவே சொத்து வைத்திருந்தவர்கள் மேலும் உயர்ந்தார்கள். இங்கிலாந்து வங்கி 2012இல் தானே வெளியிட்ட ஆய்வில் இதை ஒப்புக்கொண்டது: பெறுமதி ஏறிய நிதிச் சொத்துகளில் ஏறத்தாழ 40 சதவீதம் மேல்தட்டிலுள்ள ஐந்து சதவீதக் குடும்பங்களின் கையில் இருந்தது. கொவிட் காலத்தில் மறுபடி வாங்கத் தொடங்கியபோது அரசாங்கங்கள் அந்தப் பணத்தை மக்கள் கையிலேயே கொடுத்தன. அதன்பின் அமெரிக்காவில் பணவீக்கம் 2022 ஜூனில் 9.1 சதவீதம், பிரித்தானியாவில் அதே ஆண்டு ஒக்டோபரில் 11.1 சதவீதம். உக்ரேன் போரும் கப்பல் தட்டுப்பாடும் அதில் பங்கு கொண்டன என்பது உண்மை. பணமும் பங்கு கொண்டது.

ஆனால் டொலரை உலகம் முழுவதும் வைத்துக்கொள்ள விரும்புகிறது. நமது ரூபாவை நாட்டுக்கு வெளியே யாரும் விரும்பிச் சேமிப்பதில்லை. நாம் எரிக்கும் எண்ணெயும் உண்ணும் கோதுமையும் குடிக்கும் மருந்தும் டொலரில் வருகின்றன. இங்கே புதிதாகப் பிறக்கும் ஒவ்வொரு ரூபாவும் எப்போதாவது ஒரு நாள் டொலரைத் தேடிப் புறப்படும். இன்னொரு வேறுபாட்டைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். அந்த நாடுகளில் எவ்வளவு வாங்குவது, எப்போது நிறுத்துவது என்பதை மத்திய வங்கி தன் இலக்கை வைத்து முடிவு செய்தது. இங்கே அரசாங்கத்தின் பற்றாக்குறை எவ்வளவோ அவ்வளவு. கேட்டவர் அளவைத் தீர்மானித்தார், காவலர் கொடுத்தார்.

கொவிட் வந்தது, வேறென்ன செய்வது என்று கேட்பார்கள். தொற்றுக்காலத்தின் முதல் மாதங்களில் நாடு மூடிக் கிடந்தபோது மத்திய வங்கி கைகொடுத்ததை நான் குறை சொல்ல மாட்டேன். அப்படியொரு நேரத்துக்காகவும்தான் அந்த நிறுவனம் இருக்கிறது. ஆனால் வரிக்குறைப்பு 2019 டிசம்பரில் நடந்தது. பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாயிற்று. அந்த வரிக்குப் பதிவுசெய்ய வேண்டிய ஆண்டு விற்பனை எல்லை 12 மில்லியன் ரூபாவிலிருந்து 300 மில்லியனாக உயர்ந்தது. தொற்று கரையேறும் முன்பே வருமானத்தின் வேர் வெட்டப்பட்டுவிட்டது. தொற்று வந்த பின்னும், கடன் தரம் விழுந்த பின்னும், அந்த வரிகளை மீட்க மனம் வரவில்லை. இரண்டாண்டுக்கும் மேலாக அச்சடித்த பணமே வரியின் இடத்தில் நின்றது.

டொலர் ஒன்று ஏறத்தாழ 200 ரூபா என்று கட்டிவைத்ததால் நோய் வெளியே தெரியவில்லை. கட்டுக்குள் சீழ் பிடித்தது. 2019 இறுதியில் 7.6 பில்லியன் டொலராக இருந்த கையிருப்பு 2021 இறுதியில் 3.1 பில்லியன், அதிலும் ஒரு பகுதி சீனாவுடனான நாணய மாற்று. அந்த நிலையிலும் 2022 ஜனவரியில் 500 மில்லியன் டொலர் வெளிநாட்டுப் பிணைமுறிக் கடனைக் கட்டினார்கள். மார்ச் 7ஆம் திகதி ரூபாவைக் கைவிட்டார்கள். மே மாதத்துக்குள் டொலர் 360ஐ எட்டியது. ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு அறிவித்தது. மே மாதம் நிதி அமைச்சர், பயன்படுத்தக்கூடிய கையிருப்பு 50 மில்லியன் டொலரும் இல்லை என்றார். செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். இரசாயன உரத்தைத் தடைசெய்த பிழையும், சுற்றுலா படுத்ததும், உலகச் சந்தை விலைகளும் இதில் கலந்தன. ஆனால் கையிருப்பைக் கரைத்ததிலும் நாணயத்தைச் சரித்ததிலும் அச்சடித்த பணத்தின் கை பெரியது.

யார் கட்டினார்கள் என்று இனிப் பார்ப்போம். இந்தக் கட்டுரையை எழுதவைத்த கேள்வி இதுதான்.

மலையகத் தோட்டத் தொழிலாளர் நாட்சம்பளம் 1,000 ரூபாவுக்காக எத்தனை ஆண்டுகள் போராடினார்கள் என்பது தமிழ் வாசகருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2021 மார்ச்சில் அது கிடைத்தது. அன்றைய மாற்று விகிதத்தில் அது ஏறத்தாழ ஐந்து டொலர். பதினைந்தே மாதங்களில் அதே ஆயிரம் ரூபா மூன்று டொலருக்கும் கீழே இறங்கியது. கம்பனி ஒரு சதமும் குறைக்கவில்லை, தொழிற்சங்கம் விட்டுக்கொடுக்கவில்லை, யாரும் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடவில்லை. ஆனாலும் பல ஆண்டுப் போராட்டத்தின் பலன் பாதியாகிவிட்டது. அதிகாரபூர்வமான சம்பளம் 1,350 ரூபாவாக உயர 2024 செப்டெம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கோதுமை மாவு ரொட்டியில் நாளைத் தொடங்கும் லயன் வீடுகளில் இந்த மூன்றரை ஆண்டுகள் எப்படிக் கழிந்தன என்பதை, வட்டிக்கு மேல்வரம்பு போட்டவர்கள் ஒரு முறையாவது போய்க் கேட்டிருக்க வேண்டும்.

வடக்கின் கரையோரத்தில் சிறு படகுகள் மண்ணெண்ணெயில் ஓடுகின்றன. லீற்றர் 87 ரூபாவாக இருந்தது 2022 ஓகஸ்ட் மாதம் ஒரே இரவில் 340 ரூபாவாயிற்று. அதுவரை கொடுத்த மலிவு விலை அரசாங்கத்திடம் இல்லாத காசில் கொடுத்தது. அது தீர்ந்த அன்று முழு எடையும் மீனவரின் தலையில் இறங்கியது. மன்னாரிலும் முல்லைத்தீவிலும் கடலுக்குப் போகாமல் கரையில் கிடந்த படகுகளுக்குப் பின்னால், அடைவு வைக்கப்பட்ட நகைகள் எத்தனை!

யாழ்ப்பாணத்தில் ஒரே ஒழுங்கையில் இரண்டு வீடு. ஒரு வீட்டுக்கு ரொறன்ரோவிலிருந்து மகன் மாதம் நூறு அமெரிக்க டொலர் அனுப்புகிறார்; அது இருபதாயிரம் ரூபாவாக வந்தது முப்பத்தாறாயிரமாக வரத் தொடங்கியது. பக்கத்து வீட்டில் ஓய்வூதியம் மட்டும். அது விலையோடு சேர்ந்து ஏறவில்லை. இருவரும் எந்தத் தவறும் செய்யவில்லை, எந்தத் திறமையும் காட்டவில்லை. அளவை சுருங்கியபோது வெளிநாட்டு நாணயம் வைத்திருந்தவரும் காணி வைத்திருந்தவரும் பெரிய கடன்காரரும் மேலே போனார்கள். ரூபாவில் கூலி வாங்கியவரும் ரூபாவில் சேமித்தவரும் கீழே போனார்கள். மிகப் பெரிய கடன்காரர் அரசாங்கம் என்பதை மறந்துவிடாதீர்கள். உலக வங்கியின் மதிப்பீட்டின்படி 2021இல் 13 சதவீதமாக இருந்த வறுமை அடுத்த ஆண்டே 25 சதவீதமாயிற்று.  

இந்த நோய்க்குக் கொடுத்த மருந்தும் ஏழையைத்தான் முதலில் சுட்டது. 2022 ஏப்ரல் 8ஆம் திகதி, புதிதாகப் பொறுப்பேற்ற ஆளுநர் நந்தலால் வீரசிங்கவின் கீழ் மத்திய வங்கி ஒரே நாளில் வட்டியை ஏழு சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. அதைச் செய்யாமல் விட்டிருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும் என்றே நான் நம்புகிறேன். ஆனால் 91 நாள் திறைசேரி உண்டியலின் வட்டியே 30 சதவீதத்தைத் தாண்டிய அந்த மாதங்களில், வங்கிக் கடனில் கடை நடத்தியவர், லீசிங்கில் முச்சக்கரவண்டி எடுத்தவர் எல்லாரும் மூச்சுத் திணறினார்கள். பணவீக்கம் பின்னர் அடங்கியது. 2024 செப்டெம்பரில் பூச்சியத்துக்கும் கீழே போனது. ஏறும் வேகம்தான் நின்றது. ஏறிய விலை ஏறிய இடத்திலேயே இருக்கிறது.

2023 நவம்பர் 14ஆம் திகதி உயர் நீதிமன்றம், நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், முன்னாள் ஜனாதிபதிகள் கோத்தாபய ராஜபக்ஷ, மஹிந்த ராஜபக்ஷ, முன்னாள் நிதி அமைச்சர் பசில் ராஜபக்ஷ, மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் டபிள்யூ.டி. லக்ஷ்மன், அஜித் நிவாட் கப்ரால் உள்ளிட்டோர் மக்கள் தம்மீது வைத்த பொறுப்பை மீறினார்கள் என்று தீர்ப்பளித்தது. அது குற்றவியல் தண்டனை அல்ல. ஆனாலும் பொருளாதார முடிவு என்ற திரைக்குப் பின்னால் யாரும் ஒளிய முடியாது என்று இந்த நாட்டின் அதியுயர் நீதிமன்றம் எழுதி வைத்திருக்கிறது. அதே ஆண்டு செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய மத்திய வங்கிச் சட்டம், அரசாங்கத்துக்கு மத்திய வங்கி நேரடியாகக் கடன் கொடுப்பதைத் தடுக்கிறது. அந்தச் சட்டத்தின் கீழ் அரசாங்கமும் மத்திய வங்கியும் செய்த உடன்பாடு பணவீக்கத்துக்கு ஐந்து சதவீத இலக்கு வைத்தது.

சட்டம் வந்துவிட்டதே, இனி என்ன பயம் என்று இருந்துவிடாதீர்கள். நாடாளுமன்றம் கட்டிய வேலியை நாடாளுமன்றமே பிரிக்கலாம். ஒரு வெள்ளம் வந்தாலும் போதும், ஒரு தேர்தல் நெருங்கினாலும் போதும், “இந்த ஒரு முறை மட்டும்” என்ற குரல் எழும். அந்த ஒரு முறை மூன்று ஆண்டுகள் நீண்டதை ஏற்கெனவே பார்த்துவிட்டோம்.

ஆகவே மத்திய வங்கியின் சபையில் அமர்ந்திருப்பவர்களே, உங்களிடம் முதலில் கேட்கிறேன். அமைச்சர் தொலைபேசியில் சொன்னார் என்பது உங்கள் கையெழுத்துக்குக் காரணமாகாது. உடன்பாடில்லையென்றால் அதைக் கூட்டக் குறிப்பில் எழுதுங்கள். எழுத விடாவிட்டால் பதவியை விடுங்கள். விட்ட காரணத்தை வெளியே சொல்லுங்கள். 2024இல் உங்கள் நிறுவனம் தன் ஊழியரின் சம்பளத்தை உயர்த்தியபோது நாடாளுமன்றமே கொதித்தது. ஊரெல்லாம் வயிற்றைக் கட்டிய காலத்தில் காவலரும் சேர்ந்து கட்ட வேண்டும். வட்டியைக் கூட்டுங்கள் என்று நீங்கள் சொல்லும்போது ஊர் கேட்க வேண்டுமானால் இதுவும் வேண்டும்.

அமைச்சர்களே, வேட்பாளர்களே: கொடுக்க விரும்பினால் கொடுங்கள். தாய்மாருக்கும் முதியோருக்கும் தோட்டத் தொழிலாளருக்கும் கொடுக்க வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது. ஆனால் யாரிடமிருந்து எடுத்துக் கொடுக்கிறீர்கள் என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள். பணக்காரரிடம் வரியாகக் கேட்கத் துணிவில்லாத அரசாங்கம் ஏழையிடம் விலைவாசியாகப் பிடுங்குகிறது. வருமானம் உள்ளவர்களே, மருத்துவர்களே, சட்டத்தரணிகளே, வணிகர்களே, உங்கள் வரிக் கூற்றை உண்மையாகக் கொடுங்கள். நீங்கள் மறைக்கும் ஒவ்வொரு ரூபாவுக்கும் ஒரு பற்றாக்குறை பிறக்கிறது. அந்தப் பற்றாக்குறை கடைசியில் கொழுந்து பறிக்கும் அக்காவின் கூடையில் வந்து நிற்கிறது.

தொழிற்சங்கத் தலைவர்களே, ரூபாக் கணக்கில் மட்டும் சம்பளம் கேட்டது போதும். அடுத்த பேச்சுவார்த்தையில் விலைச்சுட்டெண்ணோடு சம்பளம் ஏற வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். ஆயிரம் ரூபாவுக்கு நேர்ந்தது அடுத்த தொகைக்கும் நேர விடாதீர்கள்.

மாதச் சம்பளக்காரரே, உங்களிடம் கேட்பது சின்ன வேலை. உங்கள் ஊழியர் சேமலாப நிதிக் கூற்றை எடுத்து 2022ஆம் ஆண்டுக்கு நேரே பாருங்கள். உங்கள் கணக்கில் சேர்ந்த வட்டி 9 சதவீதம். அதே ஆண்டின் சராசரிப் பணவீக்கம் 46 சதவீதத்துக்கு மேல். அந்த நிதியை முதலீடு செய்யும் பொறுப்பு மத்திய வங்கியிடம் இருந்தது. 2023இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது, வணிக வங்கிகளின் ரூபா முறிகளை விட்டுவிட்டு, உங்கள் ஓய்வுகால நிதியிடமிருந்த முறிகளைத்தான் குறைந்த வட்டி முறிகளாக மாற்றினார்கள். மாற்றாவிட்டால் 30 சதவீத வரி என்றும் சொன்னார்கள். 9 சதவீத வட்டியையும் 46 சதவீதப் பணவீக்கத்தையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். அந்தத் தாளோடு உங்கள் மாவட்ட நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்கு, தனியாகப் போகாமல் வேலைத்தலத்தில் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு போங்கள். எங்கள் சேமிப்பை எங்கே போடுவது என்று முடிவெடுக்கும் மேசையில் எங்கள் ஆள் ஒருவர் உட்கார வேண்டும் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். அடுத்த வரவு செலவுத் திட்ட வாக்கெடுப்புக்கு முன்பே போங்கள்.